தரமிறங்கியும் வேலை இழக்காத வங்கி அணி

திருவனந்தபுரம்: தேசிய கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் கேரளத் தலைநகரின் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் (எஸ்.பி.டி.) அணி ஆடியது 2004-05 பருவத்தில். இரண்டாம் பிரிவிலிருந்து முன்னேறி வந்த அணி, டெம்போ பட்டம் வென்ற அதே பருவத்தின் முடிவில் மீண்டும் கீழே இறக்கப்பட்டது.

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற பெரும் கிளப்புகளுக்கு எதிராகக் களமிறங்கியவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் பணி பெற்ற வங்கி ஊழியர்கள். தரமிறக்கம் அவர்களது மாதச் சம்பளத்தைத் தொடவில்லை. தொழில்முறை கிளப்புகளின் கதையோ வேறு. 1997-ல் தொடங்கி அதே ஆண்டில் டுராண்ட் கோப்பையை வென்ற எஃப்.சி. கொச்சின், சில ஆண்டுகளிலேயே நிதி நெருக்கடியில் மறைந்தது. விவா கேரளா 2008-ல் தரமிறங்கி, மறு ஆண்டே மீண்டது. பின்னர் சிராக் யுனைடெட் கேரளா எனப் பெயர் மாறி, 2012-ல் மீண்டும் இறங்கியதோடு கலைந்தே போனது. கேரளத்தில் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. பணம் போடுவோருக்குத்தான் பஞ்சம்.

புள்ளிப் பட்டியலால் அழிக்க முடியாத எஸ்.பி.டி.யின் பெயர், தில்லி எடுத்த முடிவால் அழிந்தது. இணைப்பை எதிர்த்து கேரள சட்டப்பேரவை 2016-ல் தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. 2017 ஏப்ரல் 1-ம் தேதி அந்த வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. திருவாங்கூர் என்ற பெயர் தாங்கிய சீருடையும் அத்துடன் போயிற்று.

2024-ல் ஆறு அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா போட்டியில், திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் களம் கண்டது. முதலீட்டாளர்களின் அணிகள் மோதிய அப்போட்டியில் தரமிறக்கம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியத்துடன் கூடிய வங்கி வேலையும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.