மூச்சை அடைத்து ஒரு 'க்'

2009-இல் வந்த 'அவதார்' படத்துக்காக நாவி மொழியை உருவாக்கியவர் பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர். வேற்றுக்கிரகத்து மொழிதான், ஆனால் பேசப்போவது மனித நடிகர்கள். வாய்க்குள் பிறக்காத ஒலி எதுவும் உதவாது.

அதேசமயம் அது அந்நியமாகவும் ஒலிக்க வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் சர்வசாதாரணமான, நம் 'கம்பு', 'பங்கு' சொற்களில் அதிர்ந்து வரும் ப, க ஒலிகளை ஒதுக்கினார். பதிலுக்குச் சேர்த்தது வெடிப்பொலிகளில் ஒரு விசித்திர வகை.

நீங்களே செய்து பாருங்கள். கனமான மூட்டையைத் தூக்கும்போது தொண்டை இறுகி அடைபடுமே, அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு 'க்' என்று சொல்லுங்கள். நுரையீரல் காற்று மேலே வராது. குரல்வளை எழும்பி, வாய்க்குள் சிக்கிய காற்றை நெருக்கும். நாக்கு விலகியதும் பாட்டில் மூடி பிடுங்கியதுபோல் 'டக்'!

பக்கத்தில் ஆள் இல்லாதபோது முயல்வது நல்லது. ஆனால் ஜார்ஜியா நாட்டிலும் எத்தியோப்பியாவிலும் சின்னப்பிள்ளைகள்கூட அன்றாடம் இப்படித்தான் பேசுகிறார்கள்.