கல்லும் தேவதாருவும்: சூபின் பள்ளத்தாக்கின் ஊர்கள் வழியே

இமயமலையில் நடைப்பயணம் என்றவுடன் நம் மனம் பனிச்சிகரத்தையே நாடுகிறது. உத்தராகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள ஹர் கி தூன் புல்வெளிக்குச் செல்வோரும் பெரும்பாலும் அவ்வாறே நடக்கின்றனர். 6,252 மீட்டர் உயரமுள்ள சுவர்க்காரோகிணியை நோக்கி விரைபவர்களுக்கு, இடையில் வரும் ஊர்கள் தேநீர் அருந்தும் இடங்கள் மட்டுமே. அவ்வூர்களின் வீடுகளைக் காண்பதற்காகவே இந்தப் பாதையில் ஒருமுறை நடக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நடப்பதாயின், காலம் தாழ்த்தாமல் நடப்பது நல்லது.

டேராடூனிலிருந்து முசூரி, நௌகாவ், புரோலா, மோரி வழியாகச் சாங்க்ரியை அடைய ஒரு முழுப் பகல் தேவைப்படும். தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புரோலாவைச் சூழ்ந்த வயல்களில் விளையும் சிவப்பரிசி பெயர் பெற்றது. நைட்வார் என்னும் ஊரில் ரூபின், சூபின் ஆகிய இரு ஆறுகள் கூடி டோன்ஸ் நதியாகின்றன. டோன்ஸ், யமுனையின் மிகப்பெரிய துணையாறு; அது யமுனையுடன் கலக்கும் பகுதியில், கால்சி என்னும் ஊரில், அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. சோழர், பாண்டியர் பெயர்கள் அக்கல்வெட்டில் இடம்பெற்றுள்ளன. திரும்பும் வழியில் விகாஸ்நகர்ச் சாலையைத் தேர்ந்தெடுப்போர் அதனைக் காணத் தவற வேண்டாம்.

நைட்வாருக்கு அப்பால் 1955ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கோவிந்த் வனவிலங்குச் சரணாலயம் விரிகிறது. நுழைவு அனுமதி பெற்றுச் சாங்க்ரிக்கும், அங்கிருந்து தாலுகாவுக்கும் செல்லலாம். தாலுகா என்பது இங்கே ஊரின் பெயர். வட்டாட்சியர் அலுவலகத்தைத் தேட வேண்டாம். நடை இங்குதான் தொடங்குகிறது. சூபின் ஆற்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் வால்நட் மரங்களின் நிழலிலும் தேவதாருக் காட்டின் ஓரத்திலும் நடந்தால், மறுகரையில் கங்காட் ஊர் தென்படும். மேலும் சில மணி நேரத்தில் ஒஸ்லா வந்துவிடும். முதல் நாளுக்கு அது போதுமானது.

இவ்வூர்களின் பழைய வீடுகள் செங்கல்லும் சிமெண்டும் அறியாதவை. கல்லால் உயர்த்திய மேடையின்மீது ஒரு வரிசை தேவதாருக் கட்டைகள், அதன்மேல் ஒரு வரிசை கற்கள், மீண்டும் கட்டைகள் என்று சுவர் எழுகிறது. மூலைகளில் இரு திசைக் கட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மர முளைகளால் பிணைக்கப்படுகின்றன. கற்களுக்கிடையே சாந்து இல்லை. கதவு சிறியது, குனிந்தே நுழைய வேண்டும். சன்னல்களும் சிறியவையே. கீழ்த்தளம் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் உரியது. மேல்தளத்தில் மனிதர்கள் வாழ்கின்றனர். கால்நடைகளின் உடல் வெப்பம் மேலேறி, பனிக்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது.

இவ்வமைப்பின் அருமை நிலம் நடுங்கும்போதுதான் புலப்படும். வெறும் கற்சுவர் அதிர்வில் முதலில் மூலைகளில்தான் பிளக்கும். இங்கே மூலைகளை மரம் இறுகப் பிடித்திருக்கிறது. சாந்தில்லாத கற்கள் சிறிதளவு நகர்ந்து, உராய்ந்து, அதிர்வின் விசையைத் தாமே உள்வாங்கிக்கொள்கின்றன. வாயில்கள் சிறியவையாக இருப்பதால் சுவரின் வலிமையும் குறைவதில்லை. 1991 அக்டோபர் 20 அன்று உத்தரகாசியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிற்காலத்தில் எழுந்த கற்கட்டடங்கள் பல சரிந்த அந்த நிலநடுக்கத்தை, பல நூற்றாண்டு பழமையான மரக்கல் வீடுகள் தாங்கி நின்றன. யமுனைப் பள்ளத்தாக்கில், பர்கோட்டுக்கு அருகிலுள்ள கோட்டி பனால் என்ற ஊரின் பெயராலேயே இம்மரபைப் பொறியாளர்கள் இன்று குறிப்பிடுகின்றனர். அப்பகுதியில் ஐந்து தளம் வரை உயர்ந்த வீடுகளும் உண்டு.

நிலநடுக்கத்தை வென்ற மரமே தீக்கு இரையாகவும் அமைந்துவிடுகிறது. வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன; குளிர்காலத் தீவனமாக வைக்கோலும் உலர்ந்த புல்லும் அருகிலேயே சேமிக்கப்படுகின்றன; தீயணைப்பு வண்டியோ வெகு தொலைவில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் இப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த சாவணி என்னும் ஊரில் மூண்ட தீ, பல வீடுகளை ஒரே இரவில் அழித்தது. எரிந்ததைப் பழைய முறையில் மீண்டும் எழுப்புவதும் எளிதன்று. சரணாலயத்தினுள் தேவதாருவை விருப்பம்போல் வெட்ட இயலாது. கட்டைகளைச் செதுக்கிப் பிணைக்கத் தெரிந்த தச்சர்கள் அருகி வருகின்றனர். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும்போது, அவற்றை நாடும் குடும்பத்தைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால், கம்பி கட்டும் முறை அறியாமல் எழுப்பிய சிமெண்டு வீடு, அடுத்த நிலநடுக்கத்தில் பாட்டனார் வீட்டைப்போல் நிற்கும் என்றும் சொல்வதற்கில்லை.

ஒஸ்லாவின் நடுவே, செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்த மரக்கோயில் ஒன்று இதே முறையில் எழுந்து நிற்கிறது. அது துரியோதனன் கோயில் என்று வெளியில் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊரார் தங்கள் தெய்வத்தைச் சோமேசுவரர் என்றே வழங்குகின்றனர். வழிபடுவோர் சொல்லும் பெயரை ஏற்பதே முறையாகும். இத்தெய்வம் பல்லக்கில் ஏறிப் பள்ளத்தாக்கின் பல ஊர்களுக்கும் சென்று வரும். கோயிலை நெருங்குமுன் உள்ளூர் வழக்கத்தைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்குக் கீழே நீரோடையின் மீது சிறு குடில் தென்பட்டால், அது பெரும்பாலும் கராட் எனப்படும் நீர்த்திருகையாக இருக்கும். மரக்குழாய் வழியே பாயும் நீர், கீழேயுள்ள மரச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் அச்சு மேலே உள்ள கல்லைத் திருப்புகிறது. தானியக் கூடையில் கட்டிய குச்சி ஒன்று சுழலும் கல்லில் உரசித் துள்ள, கல் சுழலும் வேகத்திற்கேற்பத் தானியம் விழுகிறது. மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. மெதுவாக அரைபடுவதால் மாவு சூடேறுவதில்லை. இங்கே அரைபடும் மண்டுவா வேறொன்றுமன்று, நம் கேழ்வரகுதான். படிக்கட்டு வயல்களில் ராஜ்மா, கோதுமை, செந்நிறக் கதிருடைய ராம்தானா ஆகியவையும் விளைகின்றன. ஆடு மேய்ப்போர் நடந்துகொண்டே தக்ளியில் கம்பளி நூற்பதையும் காணலாம்.

ஒஸ்லாவிலிருந்து புல்வெளி ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாண்டவர்கள் விண்ணுலகம் ஏகிய வழி இதுவே என்பது இப்பகுதியினரின் நம்பிக்கை. காலையில் புறப்பட்டுப் பகலிலேயே சென்று சேர முயலலாம். மூச்சுத் திணறினால் திரும்பிவிடுவதே அறிவு.

கூடாரத்தைவிட ஊருக்குள் ஒரு வீட்டில் தங்குவதையே நாம் பரிந்துரைப்போம். ஓர் இரவுக்கான வாடகை சிறு தொகைதான். என்றாலும், பழைய மர வீட்டைப் பழுதுபார்த்து வைத்திருக்க அது ஒரு குடும்பத்திற்குக் காரணமாகலாம். முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம். விறகடுப்பின் அருகே துணி உலர்த்துவதையும், வீட்டினுள் புகைபிடிப்பதையும் தவிருங்கள்.

தாலுகாவுக்கு மேல் கைப்பேசி இணைப்பை நம்ப இயலாது. எனவே கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றமும் கைகொடுக்காது. தேவையான ரொக்கத்தைப் புரோலாவிலேயே, 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், மழை ஓய்ந்த பின் செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் முற்பகுதி வரையும் நடப்பதற்கு ஏற்ற காலம். அக்டோபரில் சென்றால் கூரைகளின் மேல் ராம்தானாக் கதிர்கள் உலர்ந்துகொண்டிருக்கும்.