மேடையில் எந்தப் பாட்டு? சிதம்பரத்தில் எழுந்த கேள்வி!

ஒரு பாட்டுக் கச்சேரி. பாடகர் மேடையில் வந்து அமருகிறார். ஒரு பக்கம் பிடில், மறு பக்கம் மிருதங்கம். சுருதி சேர்ந்ததும் பாட்டு தொடங்குகிறது. மூன்று மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் பாடி முடிக்கிறார். ரசிகர்கள் தலையாட்டிக் கேட்கிறார்கள்.

அந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது யார்? வேறு பாட்டுகளை விட்டுவிட்டு இவற்றைப் பாடியது ஏன்?

சாதாரணமாக இதை யாரும் கேட்பது இல்லை. ஆனால் 1941-ம் ஆண்டு சிதம்பரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தமிழ்நாட்டு இசை உலகமே இரண்டு பட்டது!

பட்டியல் போடும் அதிகாரி

மேல்நாட்டில் இந்த வேலைக்கு என்றே ஓர் அதிகாரி உண்டு.

அங்கே "சிம்பொனி" இசைக்குழு என்பது பெரிய பட்டாளம். 80 முதல் 100 பேர் வரை ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். எதிரே ஒருவர் கையில் சிறு கோலுடன் நின்று அவர்களை நடத்துவார். அவரைப் படங்களில் பார்த்திருக்கிறோம். படத்தில் வராத இன்னொருவர் அலுவலகத்தில் இருக்கிறார். எந்த மாதம் எந்த இசையை வாசிப்பது, எதை முதலில் வைப்பது, எந்த வித்துவானை அழைப்பது, ஒத்திகைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று தீர்மானிப்பது இவர் தலைமையில்தான். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பட்டியல் போட்டு விடுவார்!

லேசான வேலை அல்ல. எல்லோருக்கும் தெரிந்த பழைய இசையையே வைத்தால் மண்டபம் நிறையும். ஆனால் புதிய இசை பிறக்காது. புதிய இசையையே வைத்தால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டும்.

இந்தியாவில் மும்பையில் 2006-ம் ஆண்டு இப்படி ஓர் இசைக்குழு அமைக்கப்பட்டது. நம் இளையராஜா எழுதிய சிம்பொனியை லண்டன் மாநகரில் 2025-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி ராயல் பில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற குழு வாசித்தது. அதை உலகமே பேசியது.

வழக்கம் என்ற எஜமான்

நம் கச்சேரியில் அப்படி ஓர் அதிகாரி கிடையாது. பாடுகிறவரே முடிவு செய்வார். சில சமயம் மேடையில் உட்கார்ந்த பிறகுதான் முடிவு செய்வார். ஆனால் அவருக்கும் மேலே ஓர் எஜமான் உண்டு. அதன் பெயர் வழக்கம்.

முதலில் வர்ணம். பிறகு கீர்த்தனைகள். நடுவில் ராகத்தை விரிவாகப் பாடி ஒரு பெரிய உருப்படி. கடைசியில் "துக்கடா" என்று சொல்லப்படும் சிறு பாட்டுகள். இன்று நாம் கேட்கும் இந்த ஒழுங்கை நிலைநாட்டியவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார்.

80, 90 ஆண்டுகளுக்கு முன்பு கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் இருந்தன. தமிழுக்குக் கிடைத்தது கடைசி இடம். துக்கடா நேரம்! வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் கிளம்பத் தொடங்கும் நேரம் அது.

தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது நம் திருவாரூரில்தான். அவர்களுடைய பாட்டுகளின் உயர்வைப் பற்றிச் சண்டை இல்லை. "கேட்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் நாலு பாட்டாவது நடுவில் வரக்கூடாதா?" என்பதுதான் கேள்வி. பொருள் தெரியாமல் கேட்டாலும் ராகம் இனிக்கும். பொருள் தெரிந்தால் கண்ணில் நீர் வரும். அந்தக் கண்ணீரைத்தான் ஜனங்கள் கேட்டார்கள்.

முதலில் பள்ளிக்கூடம்

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் செட்டிநாட்டு அரசர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1881-ம் ஆண்டு கானாடுகாத்தானில் பிறந்தவர். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அதற்காகத் தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம்!

அதே 1929-ல் இசைக் கல்லூரியும் ஏற்பட்டது. சபேச அய்யர், தஞ்சை பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் போன்ற பெரிய வித்துவான்கள் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து கற்ற வித்தையை, வகுப்பில் உட்கார்ந்து கற்க வழி பிறந்தது.

பிறகுதான் மாநாடு. 1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு முதலிடம் வேண்டும். வானொலியிலும் தமிழ்ப் பாட்டுகள் அதிகம் ஒலிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதாவது, வழக்கம் போட்ட பட்டியலைத் திருத்திப் போடச் சொன்னார்கள்.

"பாட்டு எங்கே?"

உடனே எதிர்ப்பு கிளம்பியது. சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு டிசம்பரிலேயே தன் கருத்தைச் சொல்லிவிட்டது. கர்நாடக இசையின் தரம்தான் முக்கியம். மொழியைக் காரணம் காட்டி அந்தத் தரத்தைக் குறைக்கக் கூடாது என்பது அதன் வாதம்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் தமிழின் விரோதிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்கும் அளவுக்குத் தமிழில் கனமான கீர்த்தனைகள் எத்தனை வித்துவான்களுக்குப் பாடம்? "பாடு" என்று தீர்மானம் போட்டால் போதுமா? பாட்டு வேண்டாமா?

மறுபக்கத்தில் ராஜாஜி, கல்கி, ரசிகமணி டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் நின்றார்கள். கல்கி எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பத்திரிகைகளில் அனல் பறந்தது.

ஆனால் சண்டையை முடித்தது பேச்சு அல்ல. அண்ணாமலை நகரில் ஓசைப்படாமல் நடந்த வேலை.

தமிழில் கீர்த்தனை இல்லாமல் இல்லை. தியாகராஜர் காலத்துக்கு முன்பே சீர்காழி முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோர் தமிழில் பாடி வைத்தார்கள். முத்துத் தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடியது தில்லை நடராசரைப் பற்றித்தான். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனாரின் கதையைக் கீர்த்தனையாகவே செய்தார்.

சொல் இருந்தது. ஆனால் பல பாட்டுகளுக்கு மெட்டு மறந்து போயிருந்தது. மெட்டு இல்லாத பாட்டு, திரி இல்லாத விளக்கு. ஏற்ற முடியாது!

ஆகவே பாட்டுகளைத் திரட்டினார்கள். ராகம், தாளம் குறித்து, சரிகமபதநி என்ற சுரங்களை அடி அடியாக எழுதி, பல தொகுதிகளாகப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. புதிய பாட்டு எழுதுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். சுரம் எழுதிய புத்தகம் கையில் இருந்தால் எந்த ஊர் வித்துவானும் பாடம் செய்து மேடையில் பாடலாம். "பாட்டு எங்கே?" என்ற கேள்விக்கு, "இதோ!" என்று எடுத்து நீட்டிய பதில் அது. சிம்பொனிக் குழுவிலும் இதே கதைதான். ஒவ்வொருவர் முன்னாலும் எழுதி வைத்த தாள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பட்டாளமும் ஒரு சுரம் வாசிக்காது.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்

மறந்த மெட்டைத் தேடுவது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

கடலூருக்குத் தெற்கே சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில் சிதம்பரம் இருக்கிறது. வழி நெடுக இசை மணக்கும் நாடு. சமணர்கள் கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய அப்பர், பாடிக்கொண்டே கரை சேர்ந்த இடம் கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் என்பது புராணம்.

அந்த அப்பரும், சம்பந்தரும், சுந்தரரும் பாடிய தேவார ஏடுகள் சிதம்பரம் கோவிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது கரையான் புற்று மூடியிருந்தது; பெரும் பகுதி அழிந்து போயிருந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது.

மிஞ்சிய ஏடுகளில் பாட்டு இருந்தது. பண் தெரியவில்லை. சம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் பிறந்த ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று பெயர். விருத்தாசலம் பக்கத்தில், கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, சிதம்பரத்துக்கு அழைத்து வந்து, பண் அமைக்கச் செய்தார்களாம். மன்னன் பெயர் தெரிகிறது. நம்பியின் பெயர் தெரிகிறது. அத்தனை பாட்டுக்கும் பண் வகுத்த பெண்ணின் பெயரை மட்டும் புராணம் சொல்லவில்லை!

தேவார ஏட்டில் பாட்டுகளைப் பண் வரிசையாக அடுக்கி வைக்கும் முறை உண்டு. "பண்முறை" என்று அதற்குப் பெயர். பட்டியல் போடுகிற வேலை எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

சென்னைக்குப் போன இயக்கம்

1943-ம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மார்கழியில் அதன் இசை விழா நடந்தது. விழா முழுவதும் தமிழ்ப் பாட்டு! எம்.எஸ். சுப்புலட்சுமி, தண்டபாணி தேசிகர் போன்ற புகழ்பெற்றவர்கள் இந்த இயக்கத்துக்குத் துணை நின்றார்கள். பாபநாசம் சிவன், பெரியசாமித் தூரன் ஆகியோர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளும் மேடை ஏறின. துக்கடா நேரத்துக்குக் காத்திருந்த தமிழ், கச்சேரியின் நடு இடத்துக்கு வந்தது. இன்று மியூசிக் அகாடமி மேடையிலும் தமிழ்க் கீர்த்தனை ஒலிக்கிறது. அதற்காக இன்று யாரும் சண்டை போடுவது இல்லை.

அண்ணாமலை அரசர் 1948-ல் காலமானார். சென்னை எஸ்பிளனேடில் தமிழ் இசைச் சங்கத்துக்காக எழுந்த ராஜா அண்ணாமலை மன்றம் திறக்கப்பட்டது 1952-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சியையும் நடத்தத் தொடங்கியது. ஓதுவார்கள் தேவாரம் பாட, வித்துவான்களும் புலவர்களும் கேட்டு, எந்தப் பழைய பண் இன்றைய எந்த ராகம் என்று ஆராய்ந்தார்கள். தக்கேசிதான் காம்போதி, பழம்பஞ்சுரம்தான் சங்கராபரணம் என்பது போன்ற விவரங்கள் இப்படிப்பட்ட ஆராய்ச்சியால் ஊருக்குப் பரவின.

"நந்தனார்" படத்தில் நடித்துப் பாடிப் பெயர் பெற்ற தண்டபாணி தேசிகர், பிறகு சிதம்பரத்துக்கே வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறைக்குத் தலைமை ஏற்றார். சிதம்பரம் போக ஏங்கிய நந்தனாராக நடித்தவருக்குச் சிதம்பரத்திலேயே உத்தியோகம்!

பல்கலைக்கழகம் 2013-ம் ஆண்டு தமிழக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. இசைத் துறை இன்றும் அங்கே இருக்கிறது. ரெயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில், வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் பிள்ளைகள் கற்கிறார்கள்.