ஏரியின் எல்லையும் வீட்டு மனையும்

கோடைக்காலத்தில் ஏரிக்கரையில் நின்று நோக்குவோருக்கு, நீர் வற்றிய ஏரி நிலமும் அதனை அடுத்த மேட்டு நிலமும் ஒன்றுபோலவே தோன்றும். இத்தகைய நிலத்தை மனையாக வாங்கி, வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு வீடு கட்டியபின், மழைக்காலத்தில் துன்புறுவோர் பலர். ஐதராபாத்தில் 2000 ஆகஸ்டிலும் 2020 அக்டோபரிலும் பெய்த பெருமழையில், ஏரிகளையும் கால்வாய்களையும் அடுத்த குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. ஆகவே, ஏரியின் எல்லை எதுவென அறிவது வீடு கட்ட விரும்புவோரின் முதற்கடமையாகும்.

நிறை நீர்மட்டம்

ஐதராபாத் தக்காணப் பீடபூமியில் அமைந்த நகரம். அங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் சரிவின் குறுக்கே கரையிட்டு மழைநீரைத் தேக்கி ஆக்கப்பட்டவை. 16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாகி ஆட்சியில் அமைந்த உசேன் சாகர் இவற்றுள் புகழ்பெற்றது. ஏரிக்கரையில் கலிங்கு என்னும் அமைப்பு இருக்கும். நீர் கலிங்கின் உச்சியை எட்டியதும் வழிந்து, கீழேயுள்ள ஏரியையோ ஓடையையோ அடையும். அவ்வுச்சியின் மட்டமே நிறை நீர்மட்டம். அதே உயரத்தில் ஏரியைச் சுற்றி வரையப்படும் கோடே ஏரியின் எல்லை. நீர் சுருங்கினாலும் இக்கோடு சுருங்குவதில்லை.

ஒதுக்கிடம் எதற்கு?

பெருமழையின்போது கலிங்கின்மீது அரை மீட்டர் உயரத்திற்கு நீர் பாய்வதாகக் கொள்வோம். நிலம் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிந்திருப்பின், நீர் எல்லைக்கு அப்பால் 50 மீட்டர் வரை பரவும். இதனாலேயே எல்லைக்கு வெளியிலும் கட்டடமற்ற ஒதுக்கிடம் தேவைப்படுகிறது.

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு 2012-இல் வெளியிட்ட கட்டட விதிகள், 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளுக்கு எல்லையிலிருந்து 30 மீட்டரும், சிறிய ஏரிகளுக்கு 9 மீட்டரும் ஒதுக்கிடமாக வகுத்தன. மேலே கண்ட கணக்கின்படி, இது குறைந்த அளவுப் பாதுகாப்பே என்பது புலனாகும். மண் கொட்டி மனையை உயர்த்துவதும் தீர்வன்று. அங்குத் தங்கவேண்டிய நீர் அயலாரின் வீட்டை நாடும்.

வாங்குமுன் காணவேண்டியவை

பட்டா நில உரிமையைக் காட்டும். கட்டும் உரிமையை அளிக்காது. பத்திரப் பதிவும் அத்தகையதே. ஏரியின் எல்லைக்குள்ளும் தனியார் பட்டா நிலங்கள் உண்டு.

ஆகவே, முதலாவதாக, மனையின் சர்வே எண் பெருந்திட்டத்தில் குடியிருப்புப் பகுதியில் உள்ளதா எனக் காணவேண்டும். இரண்டாவதாக, ஐதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் ஏரி வரைபடத்தில் எல்லைக்கோட்டையும் ஒதுக்கிடத்தையும் ஒப்பிடவேண்டும். ஆணையம் முதலில் பூர்வாங்க அறிவிப்பை வெளியிட்டு, ஆட்சேபணைகளைக் கேட்டபின் இறுதி அறிவிப்பை வெளியிடும். வரைபடம் எந்த நிலையிலுள்ளது என்பதையும் கவனித்தல் நலம். மூன்றாவதாக, கட்டட அனுமதி முறைப்படி பெறப்பட்டதா என அறியவேண்டும். 2024 ஜூலையில் அமைக்கப்பட்ட ‘ஹைட்ரா’ என்னும் அமைப்பு, ஏரி ஆக்கிரமிப்புகள் எனக் கண்ட கட்டடங்கள் பலவற்றை இடித்தது. கட்டியபின் வருந்துவதினும் வாங்குமுன் வினவுவது எளிது.

பள்ளியில் விளக்கும் முறை

கொத்தனார் கையாளும் நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இதனைக் கொண்டு, கலிங்கின் உச்சி மட்டத்தைக் கரையோரத்தில் சில இடங்களில் முளையடித்து மாணவர்க்குக் காட்டலாம். இது அதிகாரபூர்வமான அளவை ஆகாது. எனினும், வறண்ட நிலத்தில் நிற்கும் முளைகளைக் காணும் மாணவர், ஏரி உண்மையில் எதுவரை உள்ளது என்பதைத் தெளிவாக உணர்வர்.