கோபாக்ஸின் இடக்கை

பந்தாட்டக்காரர் இருவர் சம்பள விஷயமாகப் பிணங்கி 32 நாள் ஆடாதிருந்தனர் என்றால், அதில் அரசியல் ஊழியர்கள் கவனிக்கத்தக்கது யாது என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு என்பதே நம் அபிப்பிராயம். அவ்விருவருள் ஒருவர், அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் இடக்கையால் பந்தெறிந்தோருள் ஈடிணையற்றவரெனப் பலர் கொண்டாடும் ஸாண்டி கோபாக்ஸ்.

பேஸ்பாலில் பந்தெறிபவரே பிரதானம். கிரிக்கெட்டைப்போல் பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. மட்டைக்காரரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடையே நேரே வீசப்படும் பந்தை அவர் மும்முறை தவறவிட்டால் ஆட்டமிழந்தார். கோபாக்ஸ் 1935-ம் வருஷம் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1954-ம் வருஷக் கடைசியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டி 14,000 டாலர் முன்பணம் அளித்து அவரைச் சேர்த்துக்கொண்டது. பெருந்தொகை பெற்ற இளைஞரை இரண்டு வருஷம் பெரிய கோஷ்டியிலேயே வைத்திருக்கவேண்டுமென்பது அக்காலத்து விதி. ஆகவே சிறிய கோஷ்டிகளில் ஆடித் தொழில் பழகும் வாய்ப்பு அவருக்கு இல்லாது போயிற்று. கையில் வேகம் இருந்தது. பந்துதான் சொன்னபடி கேட்கவில்லை. முதல் ஆறு வருஷங்களில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961-ம் வருஷப் பயிற்சிக் காலத்தில், பந்து பிடிக்கும் நார்ம் ஷெர்ரி என்ற தோழர், "பலத்தைக் கொஞ்சம் குறைத்து வீசும்" என்ற கருத்துப்பட யோசனை சொன்னார். அதை ஏற்றபின் அவர் வேறு மனிதரானார். 1962 முதல் நான்கு வருஷங்களில், வருஷத்துக்கொரு முறை, எதிரிகளுக்கு ஓர் அடிகூடக் கிடைக்காதபடி முழு ஆட்டத்தையும் முடித்தார். 1965 செப்டம்பர் 9-ந்தேதி சிக்காகோ கோஷ்டியார் 27 முறை மட்டையேந்தி வந்தும் ஒருவராவது முதல் தளத்தை மிதிக்கவில்லை.

இவ்வளவுக்கும் அந்தக் கையின் முழங்கையில் 1964 முதல் மூட்டு வாதம். ஆட்டத்துக்கு முன் எரியும் களிம்பு, ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டி நீர், இடையிடையே ஊசி. 1965 அக்டோபர் 6-ந்தேதி இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் யூதரின் புனித உபவாச தினத்தில் வந்தது. கோபாக்ஸ் ஆட மறுத்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. அன்று அவர் கோஷ்டி தோற்றது. ஆயினும் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப்பின் அவரே எறிந்து, 2-0 என்று தொடரை வென்று கொடுத்தார்.

இனி அந்த 32 நாள். பேஸ்பால் ஒப்பந்தங்களில் அப்போது ஒரு ஷரத்து இருந்தது. காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் வேறு கோஷ்டிக்குப் போகலாகாது. முதலாளி கொடுப்பதை வாங்கவேண்டும், அல்லது ஆட்டத்தையே துறக்கவேண்டும். 1966-ல் கோபாக்ஸும், அதே கோஷ்டியில் பந்தெறிந்த டான் டிரைஸ்டேலும் தம்முள் பேசிக்கொண்டபோது, நிர்வாகி ஒருவரைக் காட்டி மற்றவரின் சம்பளத்தை அமுக்கி வருவது வெளிப்பட்டது. (இது பந்தாட்டத்துக்கு மாத்திரம் உரிய தந்திரமன்று.) உடனே இருவரும் கைகோத்தனர். மூன்று வருஷத்துக்கு 10 லக்ஷம் டாலர், இருவருக்கும் சமபங்கு, ஒருவரை விட்டு மற்றவர் கையெழுத்திடுவதில்லை என்று உறுதிகொண்டு, பயிற்சி முகாமுக்குப் போகாமலே இருந்துவிட்டனர். விளையாடுவதற்கு இத்தனை பணமா என்று கேட்பது எளிது. டிக்கெட் வாங்கி மைதானத்தை நிரப்பிய ஜனங்கள் முதலாளியின் முகத்தைப் பார்க்கவா வந்தனர்?

மார்ச்சு மாத முடிவில் சமாதானம் ஏற்பட்டது. கோபாக்ஸுக்கு 1,25,000 டாலர், டிரைஸ்டேலுக்கு 1,10,000. மூன்று வருஷ ஒப்பந்தமும் இல்லை, சமபங்கும் இல்லை. ஷரத்தும் அப்படியே நின்றது. அதைப் பூரண வெற்றி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தனித்தனியே கெஞ்சுவதைவிடச் சேர்ந்து மறுப்பது அதிகம் பெற்றுத்தரும் என்பதை மற்ற ஆட்டக்காரர்கள் கண்ணாரக் கண்டனர். அவ்வருஷமே எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் தீர்ப்பால் அந்த ஷரத்தின் பிடி அறுந்தது.

அந்தப் பலனை அனுபவிக்கக் கோபாக்ஸ் களத்தில் இல்லை. 1966-ல் 27 வெற்றி பெற்று, தம் வாழ்நாளிலேயே சிறந்ததொரு வருஷத்தை முடித்த அவர், நவம்பர் 18-ந்தேதி, 30-வது வயதில், ஆட்டத்தினின்றும் விலகினார். மருந்தின் பலத்தில் மேலும் ஆடினால் கை நிரந்தரமாகப் பழுதாகுமென்று வைத்தியர்கள் எச்சரித்திருந்தனர். எஞ்சிய வாழ்நாளுக்கு அந்தக் கை தமக்கு வேண்டுமென்றார் அவர்.