கடைவாய்ப் பல்லும் இடுப்புச் சுற்றளவும்

பல் போனால் ஆள் இளைப்பாரா, பெருப்பாரா? புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் இளைப்பார் என்றுதான் சொல்வார்கள். மெல்ல முடியாவிட்டால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் உடம்பு வற்றும். கணக்கு சரிதான். ஆனால் காலையில் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைப் பக்கம் நடைபோகும் பெரியவர்களைக் கொஞ்சம் கவனித்தால் கணக்கு உதைக்கும். சிலருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கும், இடுப்பு ஒட்டியிருக்காது.

ஊரின் இடுப்பைப் பற்றி எண்களே இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து, நாடு முழுக்க 20 வயதைக் கடந்த 1,13,000க்கும் மேற்பட்டோரை அளந்தன. முடிவுகள் 2023இல் லான்செட் குழும இதழில் வந்தன. உடல் பருமனில் முதலிடம் புதுச்சேரிக்கு: 53.3 சதவீதம். நாட்டின் சராசரி 28.6. வயிற்றுப் பருமனிலும் நாமே முதல், 61.2 சதவீதம். சர்க்கரை நோயில் மட்டும் கோவா நம்மை மயிரிழையில் முந்தியது, அங்கே 26.4, இங்கே 26.3. உடல் பருமன் எண், இந்தியர்களுக்கென்று வைத்திருக்கும் எல்லையான 25 என்ற உடல் நிறை குறியீட்டை வைத்துப் போட்ட கணக்கு. இந்த எண்களைக் கண்டதும் எண்ணெய், இனிப்பு, உட்கார்ந்த வேலை, ஊருக்கே பேர்போன மது என்று எல்லாவற்றையும் பேசினோம். வாய்க்குள் எத்தனை பல் மிச்சம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருக்கலாம். பல்லுக்கும் எடைக்கும் உள்ள உறவு வெளியே தெரிவதைவிடச் சுவாரசியமானது.

பல் எதற்கு என்றால், நொறுக்கினால்தானே செரிக்கும் என்போம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பழமொழியே இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க 1956இல் பிரிட்டனில் ஃபாரெல் என்பவர் ஒரு வேலை செய்தார். உணவுத் துண்டுகளைச் சின்னச் சின்னப் பருத்தி வலைப் பைகளில் கட்டினார். ஒரு பையில் மென்ற உணவு, இன்னொன்றில் மெல்லாதது. ஆட்கள் இரண்டையும் விழுங்கினார்கள். பைகள் மறுபக்கம் வந்து சேர்ந்ததும் திறந்து, உள்ளே என்ன மிச்சம் என்று பார்த்தார். சம்மதித்து விழுங்கியவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

மீன், முட்டை, சோறு, ரொட்டி, பாலாடைக்கட்டி ஆகியவை மென்றாலும் மெல்லாவிட்டாலும் முழுசாகக் கரைந்துபோயிருந்தன. சில இறைச்சிகளும் பட்டாணி, கேரட் போன்றவையும் மெல்லாமல் போனால் மிச்சம் வைத்தன. அவற்றுக்கும் கொஞ்சம் மென்றாலே போதுமாக இருந்தது. வயிறும் குடலும் நாம் நினைத்ததைவிடக் கெட்டிக்கார உறுப்புகள்.

இந்தப் பட்டியலைப் புதுச்சேரிக்காரர் படித்தால் சிரிப்பு வரும். சோறு, மீன், ரொட்டி. இந்த ஊர்ச் சாப்பாட்டின் முக்கால்வாசி பல் கேட்காத வரிசையில்தான் நிற்கிறது. அப்படியானால் பல் போனால் என்ன கெட்டுப்போகிறது?

செரிமானம் பெரிதாகக் கெடுவதில்லை. தட்டு மாறுகிறது. பல் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. எது உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது அதுதான். கடைவாய்ப் பற்கள் போன பிறகு முதலில் காணாமல் போவது கொய்யா. அப்புறம் வேர்க்கடலை, பட்டாணிச் சுண்டல், வெள்ளரி, முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆட்டுக்கறி. யாரும் இவற்றை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. "எனக்கு வேண்டாம்பா, நீங்க சாப்பிடுங்க" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார்கள். பிடிக்கவில்லை போல என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பது குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், காபியில் தோய்த்த பன், பாலில் ஊறிய ரஸ்க். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளிலும் இதே கதைதான். பாகெத் ரொட்டியின் பெருமையே அதன் மொறுமொறு மேலோடு. பல் போனவர் அதைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ள வெள்ளைப் பஞ்சை மட்டும் சாப்பிடுவார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1990களில் பிரிட்டனில் 65 வயது கடந்தவர்களிடம் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. பல்லே இல்லாதவர்கள் நார்ச்சத்து, புரதம், கால்சியம், வைட்டமின் சி எல்லாவற்றையும் குறைவாகவே சாப்பிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது: 20க்கு மேல் பல் வைத்திருந்தவர்களின் எடைதான் சரியான அளவில் இருக்கும் வாய்ப்பு அதிகம். பல் குறைந்தால் எடை ஒரே திசையில் போகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. சிலருக்கு ஏறுகிறது, சிலருக்கு இறங்குகிறது.

ஏறுவது எப்படி? மிருதுவான உணவு சீக்கிரம் இறங்கும். போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் இரண்டு இட்லி கூடுதலாக உள்ளே போயிருக்கும். அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைப் பொட்டல உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பொட்டல உணவு நாட்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். அந்த உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், பல் போன முதியவர்கள் அல்ல. காரணம் மிருது மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பல் இல்லாத வாய் தேடிப்போவதும் இதே மாதிரி உணவைத்தான்.

இறங்குவது இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 70 வயது கடந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2000இல் வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கு எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும் வாய்ப்பு கூடுதல் என்று அது கண்டது. இளம் வயதில் எடை குறைந்தால் பாராட்டுவோம். எழுபதில், முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்தாலே மருத்துவர்கள் காரணம் தேடத் தொடங்குவார்கள்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சுண்டலும் கறியும் போய் சாதமும் பன்னும் மிஞ்சிய தட்டில் புரதம் குறைகிறது, மாவுச்சத்து நிற்கிறது. தொடையில் தசை கரையும், வயிற்றில் கொழுப்பு சேரும். எடை மெஷின் போன வருஷத்து எண்ணையே காட்டும். கூடவே வயதாக ஆக உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறைவதால், உடல் நிறை குறியீடு நம்மைக் கொஞ்சம் குண்டாகவே காட்டும். பருமன் என்று எழுதப்பட்ட சீட்டுக்குள் சத்துக் குறைந்த உடம்பு ஒன்று ஒளிந்திருக்கலாம். அவரிடம் போய்ச் சாப்பாட்டைக் குறையுங்கள் என்றால் முதலில் எதைக் குறைப்பார்? மெல்லக் கஷ்டமானதைத்தான்.

அம்பு எதிர்த்திசையிலும் பாய்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கிருமித் தொற்றைத் தாங்காது. ஈறு அழிந்தால் பல் ஆடும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு எச்சிலைக் குறைத்துவிடும். எச்சில் வற்றிய வாயில் சொத்தை சீக்கிரம் வரும். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் இது சின்ன விஷயமில்லை. கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கிறது, அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒரே நோயாளி சர்க்கரைக்கு ஓரிடம், பல்லுக்கு இன்னோரிடம் என்று இரண்டு சீட்டு வைத்திருப்பார். இரண்டையும் ஒன்றாக வைத்து யார் படிப்பது?

பல்செட் கட்டிக்கொண்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பல்செட்டின் கதையில் நமக்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு இந்தியாவின் தலைநகராக இருந்த 1728இல், பாரிசில் பியேர் ஃபோஷார் நவீனப் பல் மருத்துவத்தின் முதல் நூலை வெளியிட்டார். பல்லை அரிப்பது புழு என்று உலகமே நம்பிய காலத்தில், அப்படி ஒரு புழுவைக் காணோம், சர்க்கரைதான் கெடுக்கிறது என்று எழுதியவர் அவர். மேல் பல்செட்டைத் தூக்கி நிறுத்த ஸ்பிரிங் வைத்தார்.

இன்றைய பல்செட்டில் ஸ்பிரிங் இல்லை. ஆனாலும் முழுப் பல்செட்டின் கடி விசை சொந்தப் பல்லினுடையதில் நாலில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் கீழே. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. அதிலுள்ள நரம்பு முனைகள் தலைமுடியின் பருமனைவிட மெல்லிய பொருள் இடறினாலும் சொல்லிவிடும். சோற்றில் கல் கிடந்தால் அந்தக் கணமே தெரிவது அதனால்தான். பல்லைப் பிடுங்கினால் அந்த நரம்புகளும் போச்சு. மேல் பல்செட் அண்ணத்தையும் மூடிக்கொள்வதால், மீன் முள் இருப்பது தெரியாமல் விழுங்கிவிடுபவர்கள் உண்டு. தினம் மீன் சாப்பிடும் ஊரில் இதைப் பல் கட்டும்போதே சொல்லி அனுப்பவேண்டும். இதற்கிடையில் தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே போகும். டால்கிரன் என்ற ஆய்வாளர் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் எழுதியதன்படி, கீழ்த்தாடையில் தேய்மானம் மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு. கீழ் செட் மட்டும் ஆடி ஆடி மேசை டிராயரில் போய்ப் படுத்துக்கொள்ளும் ரகசியம் அதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பல்செட் மாட்டியதும் கொய்யா தானாகத் தட்டுக்குத் திரும்பிவிடாது. பத்து வருஷப் பழக்கம் வாயில் இல்லை, மண்டையில் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசலில் நடந்த ஓர் ஆய்வில், புதுப் பல்செட்டோடு சேர்த்து எதை எப்படிச் சாப்பிடலாம் என்ற ஆலோசனையும் பெற்றவர்கள்தான் பழமும் காயும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். செட் மட்டும் வாங்கியவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. நம் ஊரில் அந்த ஆலோசனையை எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் நெத்திலி, முருங்கைக்கீரை, முளைகட்டி வேகவைத்து மசித்த பயறு, முட்டை, தயிர், பழுத்த பப்பாளி. எதற்கும் கடைவாய்ப் பல் வேண்டாம்.

ஜப்பான் இதில் வெகுதூரம் போய்விட்டது. 80 வயதில் சொந்தப் பல் 20 என்று 1989இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அப்போது அந்த வயதில் அத்தனை பல் உள்ளவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல். 2018இலிருந்து பல்லை எண்ணுவதோடு நிற்காமல், வாய் எப்படி வேலை செய்கிறது என்று சோதிப்பதையும் அரசுக் காப்பீட்டில் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஜெல்லி மிட்டாயை 20 விநாடி மெல்லச் சொல்லி, கரைந்து வந்த சர்க்கரையை அளக்கிறார்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். பா, தா, கா. பாவுக்கு உதடு, தாவுக்கு நாக்கின் நுனி, காவுக்கு நாக்கின் அடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். விநாடிக்கு ஆறுக்குக் குறைந்தால் அந்தப் பகுதி தளர்ந்திருக்கிறது என்று கணக்கு. ஐந்து விநாடியில் முப்பது பா. வீட்டில் தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, கடிகாரத்தோடு விளையாடிப் பார்க்கலாம்.