பில் மறக்கும், ருசி மறக்குமா?

நட்சத்திர ஓட்டல்கள் தேடிப்போன வீட்டுச் சமையல்

கல்யாண நாள். வருடத்துக்கு ஒரு முறையாவது பெரிய ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்பது மனைவிக்குக் கொடுத்த வாக்கு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்தோடு நட்சத்திர ஓட்டலின் படி ஏறுகிறார். குளிர்ந்த காற்று, மங்கலான விளக்கு, மெல்லிய இசை, மடித்து வைத்த வெள்ளைத் துணி. எல்லாம் அமர்க்களம். கடைசியில் பில் வருகிறது. ஒரு மாத மளிகைச் செலவு!

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்: “என்ன சாப்பிட்டீங்க?”

விளக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டின் பளபளப்பு ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டது மட்டும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வருமா? அதே பன்னீர் பட்டர் மசாலா, அதே நான் ரொட்டி, அதே ஐஸ்கிரீம். தெருமுனை ஓட்டலில் கிடைப்பதுதான். தட்டு மட்டும் பெரிது.

இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்து வருகிறவர்கள் ஏராளம். அப்படியானால் பெரிய ஓட்டலில் மறக்க முடியாத சாப்பாடே கிடையாதா? உண்டு. ஆனால் அது வந்த வழிதான் வேடிக்கையானது.

கரண்டி இல்லாத ஓட்டல்

நம் நாட்டின் பெரிய ஓட்டல்களில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. அடுத்து மொகலாய, சீன உணவுகள். வீட்டில் சமைப்பதைக் காசு கொடுத்து யார் சாப்பிடுவார்கள் என்பது முதலாளிகளின் எண்ணம்.

1978-ம் ஆண்டு டெல்லி மௌரியா ஓட்டலில் ‘புகாரா’ தொடங்கியது. அங்கே முள்கரண்டியும் கத்தியும் வைப்பதில்லை. கையால்தான் சாப்பிட வேண்டும். சட்டையில் சிந்தாமல் இருக்க, கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுப்பார்கள். முழுக் கறுப்பு உளுந்தைத் தக்காளி, இஞ்சி, பூண்டோடு இரவு முழுவதும் சிறு நெருப்பில் வேக வைத்து, வெண்ணெய் சேர்த்துச் செய்யும் பருப்புதான் அந்த ஓட்டலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உணவுப் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிளிண்டனும் அங்கே சாப்பிட்டிருக்கிறார். உளுந்துதான்! ஆனால் அவசரப்படாத உளுந்து.

பெங்களூரில் ஒரு பாடம்

பெங்களூர் ரெசிடென்சி சாலையில் 1990-ம் ஆண்டு ‘கரவளி’ திறக்கப்பட்டது. கரவளி என்றால் கன்னடத்தில் கடற்கரைப் பகுதி. கோவா, மங்களூர், குடகு, கேரளம் என்று மேற்குக் கரையின் சமையலைப் பெரிய ஓட்டலுக்குக் கொண்டுவரும் முயற்சி அது. தாஜ் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த கமீலியா பஞ்சாபி இதற்கு வித்திட்டவர்.

சமையல்காரர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கவில்லை. கரையோர வீடுகளுக்கே போனார்கள். இல்லத்தரசிகளின் அடுப்படியில் நின்று, எந்த மிளகாய், எவ்வளவு புளி, தேங்காயை எப்போது சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டார்கள். கரிமீனை மசாலா தடவிப் பொரித்து, சின்ன வெங்காய மசாலாவோடு வாழையிலையில் பொதிந்து கல்லில் சுடும் பக்குவம் எந்தக் கல்லூரியிலும் உருவானதல்ல. குடகைச் சேர்ந்த நரேன் திம்மையா பல ஆண்டுகள் இந்தச் சமையலறைக்குத் தலைமை தாங்கினார். இங்கே பணியாற்றிய ஸ்ரீராம் ஐலூர் லண்டன் சென்று ‘குயிலான்’ உணவகத்தை நடத்தினார். 2008-ல் அதற்கு மிச்லின் நட்சத்திரம் கிடைத்தது.

ரசத்துக்குக் கண்ணாடிக் கோப்பை

புதுமை செய்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை கிராண்ட் சோழா ஓட்டலில் 2017-ல் தொடங்கிய ‘அவர்தனா’வில் தக்காளி ரசம் தண்ணீர் போலத் தெளிவாக வடிக்கப்பட்டு, மது அருந்தும் கண்ணாடிக் கோப்பையில் வருகிறது. பார்த்தால் ரசம் என்று சொல்ல முடியாது. குடித்தால் ரசம்தான். வெறும் வித்தையாக இருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். வாய்க்குள் ரசம் இருப்பதால்தான் நிற்கிறது.

வயல் நத்தை

நியூயார்க்கில் 2021-ல் தொடங்கிய ‘செம்ம’ உணவகத்தின் சமையல் கலைஞர் விஜய்குமார், தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் வயலில் பொறுக்கிய நத்தையை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர். அதை வெளியே சொல்ல ஒரு காலத்தில் அவருக்கு வெட்கம். ஏழைகள் சாப்பாடு என்று நினைப்பார்களே! பிற்பாடுதான் பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை உயர்ந்த பண்டமாக உண்பது தெரிந்தது. இன்று அவருடைய நத்தைப் பிரட்டலைச் சாப்பிட வெள்ளைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். 2022-ல் அந்த உணவகத்துக்கு மிச்லின் நட்சத்திரம். 2025-ல் அவருக்கு ஜேம்ஸ் பியர்டு விருது. விருது வாங்க வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

ஏமாறாமல் இருக்க

பெரிய ஓட்டலுக்குப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

பட்டியலில் நூற்றைம்பது உணவுகள் இருந்தால் எச்சரிக்கை. எல்லா ஊர்ச் சமையலும் ஒரே அடுப்பில் நன்றாக வராது.

தலைமைச் சமையல்காரருக்கு எந்த ஊர் என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். அந்த ஊர் உணவைக் கேட்டுச் சாப்பிடுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பில்லையும் படியுங்கள். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை அதிகமுள்ள பெரிய ஓட்டல்களின் உணவகங்களில் 18 சதவீதம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பது அரசு வரியல்ல. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பஞ்சத்தில் பிறந்த இட்லி

புதிய பண்டம் பிறக்க நட்சத்திரம் வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூரில் 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர்., இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாடு வந்ததால் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்ததாகச் சொல்கிறது. அந்த ரவா இட்லிக்கு இன்றும் வரிசை நிற்கிறது.

கரையோர வீடுகளில் பக்குவம் சொல்லிக் கொடுத்த பெண்களின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஓட்டல்காரர் வந்து கேட்டதால் அவர்கள் கைமணம் பிழைத்தது. கேட்க ஆள் வராத வீடுகள்தான் அதிகம். ஊரைவிட்டு வந்து பெங்களூரிலும் பம்பாயிலும் டெல்லியிலும் குடியிருக்கும் தமிழர் வீடுகளில், பாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பையும் அத்தை அரைத்த துவையலையும் எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகலாம். அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.